இடது கைக்குப் பத்து சேத்தி

உக்கிதானுங்க போட்டேன், உக்காந்து உக்காந்து எந்திரிக்கறது. யாரும் தண்டனை குடுக்கல, நானாத்தான் போட்டேன். பல்லடம் பஸ் ஸ்டாண்டுல அந்தத் தூணுக்கு அக்கட்டால நின்னு, பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு முப்பது உக்கி. நீங்க டீ குடிச்சுக்கிட்டே பாத்துட்டிருந்தீங்க, நானும் உங்களப் பாத்தேன். பதினெட்டாவது போடறப்பச் சிரிச்சீங்க. பரவால்லீங்க, எல்லாருந்தான் சிரிப்பாங்க. ஜன்னலோரம் வேணும்னா எடுத்துக்கங்க. நான் குண்டடத்துல எறங்கிருவேன்.

இல்லீங்க, அந்தப் பைய மேல வெக்க வேண்டாம். என் பை மேல போகட்டும், இது மடியிலயே இருக்கட்டும். இது என்னுது இல்ல.

என் பேரு சென்னியப்பன். பிளாஸ்டிக் பைப்புக்கு மாட்டற மூட்டு, வால்வு இதெல்லாம் செய்யற கம்பெனிக்கு லைன் பாக்கறேன். கடை கடையா ஏறி ஆர்டர் புடிக்கற வேலை. இருபத்தாறு வருஷமா இதே ரோடுதான், பல்லடம், தாராபுரம், பழனி, உடுமலை. திங்கக்கிழமை பையத் தூக்கினா வெள்ளிக்கிழமை சாயந்திரந்தான் வீடு. லாட்ஜு சோப்பு, பஸ் ஸ்டாண்டு புரோட்டா, கடைக்காரங்க குடுக்கற டீ. இந்தப் பொழப்புல இருக்கறவனுக்கு நாப்பதுல தொப்பை வரும், நாப்பத்தஞ்சுல சக்கரை வரும். எனக்கு அம்பத்தி நாலு ஆச்சு. மாத்திரைன்னு ஒண்ணு முழுங்கினதில்ல. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மலை ஏறிருவேன். எங்க குழுவுல முப்பது பேரு இருக்காங்க, அதுல மொதல் ஆளா மேல போறது எப்பவும் நான்தான்.

எப்படீன்னா, இருபது நிமிஷந்தானுங்க. சாமான் ஒண்ணும் வாங்க வேண்டாம். லாட்ஜு ரூம்ல என்ன இருக்கும்? ஒரு கட்டிலு, ஒரு நாற்காலி, ஜன்னல் கம்பி. நம்மகிட்ட என்ன இருக்கும்? பை, துண்டு, தண்ணி கேன். இது போதும். மொதல்ல பைய அணைச்சுக்கிட்டு முப்பது உக்கி. சாம்பிள் வால்வெல்லாம் பித்தளை, அதனால என் பை பதினோரு கிலோ இருக்கும். மலை எறங்கறப்ப மொழங்கால் நடுங்குதுன்னு சொல்வாங்க பாருங்க, அதுக்கு இதான் மருந்து. அப்புறம் துண்ட ஜன்னல் கம்பியில சுத்தி, ரெண்டு முனையையும் புடிச்சுக்கிட்டுப் பின்னால சாஞ்சு ஒடம்ப இழுக்கோணும். கம்பி ஆடுதான்னு மொதல்ல பாத்துக்கங்க. ஒட்டன்சத்திரத்துல ஒருக்கா கம்பியோட வந்து விழுந்தேன். நாற்காலியில ஏறி எறங்கறது காலுக்கு இருபது. மூணு மாடி லாட்ஜா இருந்தா நாற்காலி எதுக்குங்க, படியே இருக்குது. கடைசியா கேன். அஞ்சு லிட்டர் கேன் வாங்கினா குடிச்ச மாதிரியும் ஆச்சு, தூக்கின மாதிரியும் ஆச்சு. கைக்கு இருபது.

இன்னொண்ணும் இருக்குது, அதுக்கு ரெண்டு பேரு வேணும். உப்பு மூட்டை. ஒருத்தன இன்னொருத்தன் முதுகுல தூக்கிக்கிட்டு லாட்ஜு வராண்டாவுல அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கறது. மலையில யாருக்காச்சும் கால் பிசகிருச்சுன்னா தூக்கியாரோணுமில்ல? அதுக்குத்தான் அது. ரூம்பாய் பாத்துட்டுத் தலையில அடிச்சுட்டுப் போவான். சிரிக்கட்டும். ஆனா அது வேலை செஞ்சுதுங்க. அந்த ஒண்ணு நல்லாவே வேலை செஞ்சுது.

அந்த ரெண்டாவது ஆளு சிகாமணி. தேவசிகாமணி. மாட்டுத் தீவனக் கம்பெனிக்கு லைன் பாத்தான். இது அவன் பை.

பன்னெண்டு வருஷம் உடுமலையில ஒரே லாட்ஜு, ஒரே ரூமு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ரெண்டாவது மாடி. ஜன்னலத் தொறந்தா எதுத்தாப்புல ஒரு ஆஸ்பத்திரி. துண்டப் புடிச்சு இழுக்கறப்ப அந்த போர்டுதான் தெரியும், அதுல இருக்கற டாக்டருங்க பேரு அத்தனையும் எனக்கு மனப்பாடம். சிகாமணி கட்டில்ல படுத்துக்கிட்டு என்னை வேடிக்கை பாப்பான். போண்டாவக் கண்டா பஸ்ஸையே விட்டுருவான் அவன். எதுக்கெடுத்தாலும் ஒரு குறை சொல்லுவான். தலகாணி ஒசரம்பான், தண்ணி சப்புன்னு இருக்குதும்பான், ஃபேன் காத்து காதுக்குள்ள போகுதும்பான். அத நீங்க நெனப்புல வெச்சுக்கோணும். எல்லாத்துக்கும் சிணுங்கற ஆளு ஒரு நாள் ஒண்ணு சொன்னா அத எப்படிங்க எடுத்துக்கறது? உங்களத்தான் கேக்கறேன்.

அவன் சம்சாரம் தவறி ஆறு வருஷம் ஆச்சு. ஒரே பொண்ணு, மிருதுளா. நர்ஸுக்குப் படிச்சவ. தாராபுரத்துல வேலையா இருந்தா. என்னைப் பெரியப்பான்னுதான் கூப்பிடுவா. வீட்ல அவளும் அத்தைக்காரியுந்தான். குண்டடத்துல ஸ்கூலுக்குப் பின்னால வீடு.

அவன மலைக்குக் கூட்டியாரணும்னு மூணு வருஷம் கெஞ்சினேன். சும்மா சொல்லக்கூடாது, அவனுக்கு நல்லது நெனச்சுத்தான். போன மார்கழியில ஒருவழியா சரின்னான். தை மாசம் செம்பாறை மலை. அஞ்சு ஏத்தம், மேல ஒரு சுனை, சுனைக்குப் பக்கத்துல ஒரு வேல் நட்டு வெச்சிருக்கும். அஞ்சாவது ஏத்தம் செங்குத்து. பழகாம வந்தா நாக்குத் தள்ளிரும். அதனால மார்கழி ஒண்ணாந்தேதியிலிருந்து அவனையும் காலையில அஞ்சரைக்கு எழுப்பி விட்டேன். மொத வாரம் திட்டினான். ரெண்டாவது வாரம் ஒரு குட்டி நோட்டு வாங்கினான். தீவனக் கம்பெனிக்காரன் பாருங்க, எல்லாத்தையும் எழுதி வெக்கற பழக்கம். தேதி போட்டு, உக்கி இத்தனை, துண்டு இத்தனை, கேன் வலது இத்தனை, இடது இத்தனைன்னு எழுதுவான். மூணு கிலோ கொறைஞ்சான். சட்டை தொளதொளன்னு ஆயிருச்சுன்னு கண்ணாடி முன்னால நின்னு காட்டினான். எனக்கு அவ்வளவு சந்தோசமுங்க.

மலைக்குப் போறதுக்கு முந்தின வாரம். புதன்கிழமை காலையில கேன கீழ வெச்சுட்டு இடது கையத் தேச்சுக்கிட்டே இருந்தான். "சென்னி, இந்தக் கை கடுக்குதுடா. தோளிலிருந்து விரல் வரைக்கும்"ன்னான். "கேன் தூக்கினா கடுக்காம என்ன பண்ணும்? கடுத்தாத்தான் பலம் ஏறுதுன்னு அர்த்தம்"ன்னேன். "வலது கை கடுக்கலயே"ன்னான். "வலது கை பை தூக்கிப் பழகின கை. இடது கை சோம்பேறி. அதுக்குப் பத்து சேத்திப் போடு"ன்னேன்.

போட்டான். முப்பது போட்டான். நான்தான் எண்ணினேன்.

இதுல தப்பு எங்கீங்க இருக்குது? நான் டாக்டரா? புதுசா பயிற்சி ஆரம்பிச்சா வலிக்கும், இது உலகத்துக்கே தெரியும். எனக்கும் மொத மாசம் வலிச்சுது. எங்க குழுவுல யாரு கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாங்க. மலை ஏறறவன் வலின்னா பயப்பட மாட்டான், அதுதான் எங்களுக்குப் பெருமையே. வலிக்கிற எடத்துக்கே இன்னும் கொஞ்சம் குடுன்னுதான் சொல்லிக்குவோம்.

வியாழக்கிழமையும் முப்பது. அன்னிக்கு மத்தியானம் மடத்துக்குளத்துல ஒரு கடை வாசல்ல நின்னு பொண்ணுக்கு போன் பண்ணியிருக்கான். அது எனக்கு அப்பத் தெரியாது. கை வலிக்குதுன்னிருக்கான். என்னப்பா பண்ணினீங்கன்னு கேட்டிருக்கா. பையத் தூக்கித் தூக்கி வலிக்குதுன்னு சொல்லியிருக்கான். கேனுன்னு சொல்லல. இந்த வயசுல எதுக்குப்பா இதெல்லாம்னு திட்டுவான்னு பயந்திருப்பான். தைலம் தேச்சுக்கங்கப்பான்னு சொல்லிட்டு வெச்சுட்டா. அவளுக்கு ட்யூட்டி நேரம்.

வெள்ளிக்கிழமை... வெள்ளிக்கிழமை ஒண்ணுமில்லீங்க. ரூமைக் காலி பண்ணிட்டுக் கெளம்பிட்டோம்.

கண்டக்டர் வர்றாரு. எனக்கு எடுத்தாச்சுங்க, குண்டடம் ஒண்ணு. நீங்க? தாராபுரமா? சரிங்க.

ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு ஏற ஆரம்பிச்சோம். எங்க குழுவுல ஏழு பேருதான் அன்னிக்கு வந்தாங்க. மூணு ஏத்தம் அவன் நல்லாத்தான் வந்தான். வேர்த்துக் கொட்டுச்சு, எல்லாருக்குந்தான் வேர்த்துது. நாலாவது ஏத்தத்துல ஒரு பாறை மேல உக்காந்துட்டான். "நீங்க போங்கடா, நான் சித்த நேரம் உக்காந்துட்டு வர்றேன்"ன்னான். மொகம் ஒரு மாதிரி இருந்துச்சு. சாம்பல் பூசின மாதிரி. இப்பச் சொல்றேன், அப்ப அது வெயில் விழாத எடம்னு நெனச்சேன். "தண்ணி குடி, பின்னாலயே வந்துரு"ன்னுட்டு நான் ஏறிட்டேன்.

ஏன் ஏறினேன்னு கேக்கறீங்க. உங்க மொகத்துலயே தெரியுது. கடியாரம் ஓடிக்கிட்டிருந்துதுங்க. போன வருஷம் செம்பாறை மலைய நான் ஒரு மணி அம்பத்தோரு நிமிஷத்துல ஏறினேன். அத ஒண்ணே முக்காலுக்குக் கொண்டாரணும்னு எனக்கு. கொண்டாந்தேன். ஒண்ணு நாப்பத்தி நாலு. வேலுக்கு முன்னால நின்னு கடியாரத்த நிறுத்தினேன். அப்புறம் சுனையில மொகம் கழுவிட்டு, அவன் வருவான் வருவான்னு பாத்துட்டு, எறங்கி வந்தேன்.

அதே பாறையிலதான் இருந்தான். சாஞ்சிருந்தான். முழிச்சுத்தான் இருந்தான். என்னைப் பாத்துச் சிரிக்கப் பாத்தான். "கேன் கொஞ்சம் ஜாஸ்தியாயிருச்சு போல சென்னி"ன்னான்.

அவ்வளவுதான் பேசினான். அதுக்கப்புறம் பேசல. அவனும் கேனுன்னுதாங்க நம்பினான். கடைசி வரைக்கும் நான் சொன்னதத்தான் நம்பினான். அதுல எனக்கு அவன் மேல கோபம். நெசமாலுமே கோபம். தலகாணிக்கு ஒரு மணி நேரம் சண்டை போடறவன், இதுக்கு ஒரு சண்டை போட்டிருக்கலாமில்ல? சென்னி, நீ ஒரு முட்டாப்பயடா, எனக்கு நெஞ்சு சரியில்லடான்னு ஒரு வார்த்தை கத்தியிருக்கலாமில்ல? எல்லாத்துக்கும் வாய் இருந்துது, இதுக்கு இல்ல.

தூக்கினேன். உப்பு மூட்டைதான். எழுபத்தி ரெண்டு கிலோ. என் கூட ரெண்டு பேரு எறங்கி வந்திருந்தாங்க, மத்தவங்க மேல இருந்தாங்க. கீழ சிக்னல் கெடைக்கற எடத்துக்கு ஒருத்தன ஓட விட்டேன், இன்னொருத்தன் என் கூட வந்தான். மாத்தித் தூக்கலாம்னு அவன் சொன்னான், நான் குடுக்கல. துண்டால அவன என் இடுப்போட சேத்துக் கட்டிக்கிட்டேன். அடி எண்ணிக்கிட்டே எறங்கினேன். எண்ணாம எனக்கு ஒண்ணும் செய்ய வராதுங்க. ஆறாயிரத்தி நானூத்திப் பத்து அடி. எங்கயும் எறக்கி வெக்கல. மூச்சு வாங்கல, மொழங்கால் நடுங்கல. கீழ வேன் நின்னுச்சு. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில டாக்டர் பாத்துட்டு, வர்றப்பவே உசுரு இல்லைன்னாரு.

அதாங்க. ஆறாயிரத்தி நானூத்திப் பத்துல எந்த அடியில போனான்னு தெரியல. ஏதோ ஒண்ணுல போயிருக்கான். என் முதுகு மேலதான். எனக்குத் தெரியல.

அழுகை வரும்னு பாத்தேன், வரல. இப்ப வரைக்கும் வரல. என் சம்சாரம்கூடக் கேட்டா, ஏனுங்க நீங்க அழவே இல்லயேன்னு. சோறு உண்றேன், தூங்கறேன், ஆர்டர் புடிக்கறேன். மரத்துப்போன கால நீங்க கிள்ளினா கிள்ளறது தெரியும், வலி தெரியாது பாருங்க, அப்படித்தான் இருக்குது.

மிருதுளா வந்தா. யூனிபார்மோட வந்தா. டாக்டர் அவளும் நர்ஸுங்கறதால வெவரமாப் பேசினாரு. ரெண்டு மூணு நாளாவே காட்டியிருக்குமேம்மா, கை வலி, தாடை வலின்னு ஏதாச்சும் சொன்னாரான்னு கேட்டாரு. அவ அப்படியே செவுத்தோட சாஞ்சுட்டா. வியாழக்கிழமை போன்ல சொன்னாரு, நான் தைலம் போடச் சொன்னேன்னா. அப்புறம் என் பக்கம் திரும்பினா. "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராங்க பெரியப்பா?"

இல்ல சாமின்னேன்.

ரெண்டு வார்த்தைங்க. யோசிச்சுச் சொல்லல. வாய்ல வந்துருச்சு. அதுக்கப்புறம் ஒறம்பரை, சொந்தக்காரங்கெல்லாம் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, இந்த மனுசன் மட்டும் இல்லீன்னா மலை மேலயே அனாதையாக் கெடந்திருப்பான்னு அழுதாங்க. அத்தைக்காரி என் கால்லயே விழுந்துட்டா. அதுக்கு நடுவுல நின்னுக்கிட்டு நான் என்னத்தச் சொல்றது? மாசி மாசம் குழுக் கூட்டத்துல எனக்குப் பொன்னாடை போத்தினாங்க, நண்பனச் சுமந்த தோள்னு பேசினாங்க. நல்ல கெட்டித் துணிங்க அது. துண்டு நைஞ்சு போச்சு, இப்ப அதத்தான் ஜன்னல் கம்பியில சுத்தி இழுக்கறேன்.

அந்தப் பொண்ணு வேலைக்குப் போறதில்லீங்க. எட்டு மாசமாச்சு. அத்தைக்காரி போன் பண்ணிச் சொல்றா. அப்பன் வலிங்கறான், தைலம் போடுன்னிருக்கேன், நானெல்லாம் எதுக்கு ஊசி புடிக்கறதுன்னு சொல்றாளாம். பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டையும் திருப்பி அனுப்பிட்டாளாம். கட்டில விட்டே எந்திரிக்கறதில்லையாம். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க அண்ணா, நீங்க சொன்னாக் கேப்பாங்கறா.

நான் சொன்னாக் கேப்பாதான். என்ன சொல்லோணும்னும் எனக்குத் தெரியும். உனக்கு ஒரு நாள் முந்தி எங்கிட்டச் சொன்னான்னு சொல்லோணும். அவ்வளவுதான். அத அவ கேட்டா, அந்தப் பாரம் அவ தலையிலிருந்து எறங்கிரும். என் தலைக்கு வரும். வரட்டும், நான்தான் தூக்கற ஆளாச்சே.

ஆனா ஒண்ணு யோசிச்சேனுங்க. கேன் தூக்கினா கை வலிக்கத்தான் செய்யும்னு நிரூபிச்சுட்டா? யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க, அது அவ தப்பும் இல்ல, என் தப்பும் இல்லன்னு ஆயிருமில்ல? அதனால எட்டு மாசமா தெனமும் நான் இடது கைக்குப் பத்து சேத்தித் தூக்கறேன். மொதல்ல முப்பது. அப்புறம் நாப்பது. இப்ப அறுவது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் தோளிலிருந்து விரல் வரைக்கும் கடுத்துதுன்னா, அன்னிக்கே குண்டடத்துல எறங்கி, பாரு அம்மிணி, எனக்கும் கடுக்குதுன்னு கையக் காட்டுவேன்.

வலிக்கலீங்க. ஒரு நாள்கூட வலிக்கல. பலந்தான் ஏறுது.

இந்தப் பைய அன்னிக்கு வேன்ல இருந்து நான்தான் எடுத்து வெச்சேன். உள்ள ஒரு லுங்கி, துண்டு, தண்ணி பாட்டில், டார்ச்சு, பாதி பாக்கெட் கடலை மிட்டாய், அந்த நோட்டு. பொண்ணு நாலு தடவை கேட்டுட்டா, அப்பா பை வேணும் பெரியப்பான்னு. நாலு தடவையும் கொண்டாறேன்னேன். நோட்டுல புதன்கிழமைக்கு நேரா எழுதியிருக்கான்: கேன் இடது முப்பது, கை கடுப்பு, சென்னி சரியாப் போகும்னான். வியாழனுக்கும் முப்பது, கடுப்பு ஜாஸ்தின்னு எழுதியிருக்கான். வெள்ளிக்கிழமைக்கு முப்பதுன்னு மட்டும் இருக்குது. வேற ஒண்ணும் எழுதல. அந்தப் பக்கத்தக் கிழிச்சிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. கிழிக்கல. ஏன்னு கேட்டா எனக்கே தெரியல.

உங்ககிட்ட ஏன் இதெல்லாம் சொல்றேன்னு பாக்கறீங்க. நீங்க பதினோராவது ஆளுங்க. ஆமா, எண்ணி வெச்சிருக்கேன். இந்த ரோட்டுல இந்த பஸ்ல பக்கத்துல உக்காந்த பத்துப் பேருகிட்ட இத முழுசாச் சொல்லியாச்சு. பழகப் பழக வந்துரும்னு நெனச்சேன். மொதத் தடவை புதன்கிழமைன்னு சொல்றதுக்குள்ள ஒரு பாட்டில் தண்ணி குடிச்சேன். இப்பப் பாருங்க, தண்ணி குடிக்காமச் சொல்லிட்டேன். ஆனா குண்டடம் வந்தா கால் எந்திரிக்க மாட்டேங்குது. பதினோரு கிலோ வெச்சு முப்பது உக்கி போடற காலுங்க இது. போன மாசம் வீட்டுக்கே போன் பண்ணி, இந்த பஸ்லதான் வர்றேன்னு சொல்லிட்டு, ஸ்டாப்பு வந்ததும் குனிஞ்சு ஷூ லேசக் கட்டினேன். பஸ்ஸு எடுத்ததும் நிமிந்தேன். தாராபுரம் போயி, பஸ்ஸு பஞ்சர்னு சொல்லிட்டேன்.

இன்னிக்கும் சொல்லியிருக்கேன். பத்தரை பஸ்ஸுன்னு.

வந்துருச்சுங்க. அந்தத் தண்ணித் தொட்டி தாண்டினா ஸ்டாப்பு. கூட்டம் எறங்கட்டும். மொதல்ல அந்தம்மா கூடையோட எறங்கட்டும். அவசரமில்ல. அதோ மிருதுளா நிக்கறா பாருங்க. பச்சைச் சுடிதாரு, கொடை வெச்சிருக்கா. எப்படி எளைச்சுப் போயிட்டா. கட்டில விட்டு எந்திரிக்கறதில்லன்னாங்களே, ஸ்டாப்பு வரைக்கும் வந்திருக்கா.

லேசு அவுந்திருக்குதுங்க. ஒரு நிமிஷம். நீங்க அந்தப் பக்கம் பாக்காதீங்க.

விசில் குடுத்தாச்சா? எடுத்தாச்சா? யாரு ஏறினாங்க?

...

வா அம்மிணி. இல்ல, தூங்கல. லேசக் கட்டிட்டிருந்தேன். கண்டக்டர், ஒண்ணுமில்லீங்க, எங்க புள்ளதான், அடுத்த ஸ்டாப்புல ரெண்டு பேரும் எறங்கிக்கறோம். அவளுக்கு ஒரு டிக்கெட் போடுங்க. சார், கொஞ்சம் நகருங்க, அவ உக்காரட்டும். இவருக்குத் தாராபுரம் போகோணும். சும்மா பேசிட்டு வந்தோம்.

என்ன சொல்றே? போன மாசமும் பாத்தியா?

ஜன்னல்ல என் தலை குனிஞ்சது தெரிஞ்சுதா. தெரிஞ்சுமா எங்கிட்டக் கேக்கல? பஞ்சர்னு சொன்னப்பச் சரிங்க பெரியப்பான்னியே. என்னது, உன்னைப் பாக்கவே எனக்குப் புடிக்கலையோன்னா? ஐயோ சாமி, அப்படி நெனச்சியா? அப்பாவக் கொன்னவன்னு நான் உன்னையா நெனப்பேன்? இத்தன நாளும் அப்படியா நெனச்சுட்டிருந்தே?

இந்தா, பை. நீ வெச்சுக்க. உள்ள ஒரு நோட்டு இருக்குது, உங்கப்பன் கையெழுத்து. பொறுமையாப் படிப்பே. புதன்கிழமை எங்கிட்டச் சொன்னான் அம்மிணி. உனக்கு ஒரு நாள் முன்னாடி. இடது கை கடுக்குதுன்னு சொன்னான். கேன் தூக்கினதுன்னேன். இன்னும் பத்து சேத்தித் தூக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில நீ கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அழாத. கேளு. இன்னும் இருக்குது. நோட்டுல இல்லாதது ஒண்ணு இருக்குது. சார், நீங்களும் கேளுங்க, உங்ககிட்டயும் இதச் சொல்லல. அந்தப் பத்துப் பேருகிட்டயும் சொல்லல.

வெள்ளிக்கிழமை காலையில அவன் கேன தொடல. எதுத்தாப்புல இருக்கற ஆஸ்பத்திரிய ஜன்னல் வழியாப் பாத்துட்டே நின்னான். "சென்னி, ரோட்டத் தாண்டினா ஆஸ்பத்திரி, ஒருக்காக் காட்டிட்டு வந்தர்றேன்டா"ன்னான். காட்டினா டாக்டரு ஏதாச்சும் சொல்லி மலைக்குப் போக வேண்டாம்பாருன்னேன். செருப்பு மாட்டிட்டான். சட்டையும் போட்டு, மேல் பொத்தான் வரைக்கும் மாட்டிட்டான் அம்மிணி.

நான்தான் கழட்டச் சொன்னேன். கழட்டிட்டு வந்து முப்பது தூக்கினான்.